இப்படிக்கு மேடமும் கேட்டில் நின்ற பஸ்ஸும்

ஞானப்பல் ஒன்று குறுக்கே முளைத்ததால்தான் அவர் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரானார். பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னம் வீங்கி அவர் வீட்டில் படுத்திருந்த அன்று வணிகவியல் துறையில் கூட்டம் நடந்தது. வரும் பருவத்திலிருந்து சமூக ஊடகத் திறன் என்று ஒரு விருப்பப்பாடம் தொடங்க வேண்டும், யார் எடுக்கிறீர்கள் என்று துறைத் தலைவர் கேட்டார். ஒருவர் மேசையைப் பார்த்தார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் எல்லாரும் ஒருமனதாகக் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"வராதவங்க தலையிலதான் வேலை விழும்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்று மறுநாள் துறைத் தலைவர் தொலைபேசியில் சிரித்தார். வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. "ம்ம்" என்று மட்டும் சொன்னார். அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வணிகக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்துவந்தார். விசாரணைக் கடிதம், புகார்க் கடிதம், புகாருக்குப் பதில் கடிதம், பதிலுக்கு நன்றிக் கடிதம். அந்தப் பழக்கம் கைபேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. வீட்டுக் குழுவில்கூட, "பால் தீர்ந்துவிட்டது. வரும்போது இரண்டு பாக்கெட் வாங்கி வரவும். இப்படிக்கு, அம்மா" என்றுதான் எழுதுவார். ஒருமுறை மாணவர்களுக்கு, "நாளை வகுப்பு இல்லை. இப்படிக்கு, உங்கள் ஆசிரியை" என்று அனுப்பினார். அன்றிலிருந்து அவர் 'இப்படிக்கு மேடம்' ஆகிவிட்டார். அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது என்று மாணவர்கள் நினைத்தார்கள். அவருக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது. பக்கத்து அறைப் பேராசிரியருக்கு அவர்கள் வைத்திருந்த பெயரோடு ஒப்பிட்டால் இது பட்டம்தான்.

புதுப் பாடத்தைப் பற்றிக் கேட்டதும் கணவர் சாப்பாட்டு மேசையில் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். பகல் முழுக்க உதட்டை இறுக்கிக்கொண்டு செய்கிற வேலை. அதனால் சிரிப்பையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டில்தான் சிரிப்பார்.

"நீயா? போன வாரம் நம்ம சொந்தக்காரப் பொண்ணு போட்டோவுக்குக் கீழ என்ன எழுதுன? 'தங்கள் பதிவு கிடைக்கப்பெற்று மகிழ்ந்தோம்'னு எழுதுனவதானே நீ?"

"மகிழ்ந்தோம்ல? அதைத்தானே எழுதுனேன்."

பள்ளி இறுதி வகுப்பில் இருந்த மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா, என் ஃப்ரெண்ட்ஸ் யார்கிட்டயும் இதைச் சொல்லிடாதம்மா. ப்ளீஸ்."

ஆனால் இப்படிக்கு மேடம் எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிறவர் இல்லை. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள அவருக்குக் கூச்சமும் இல்லை. தெரிந்தவர் அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தார், கணவரின் தங்கை. அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் குழுவை நடத்துகிறவர் என்பதால் எல்லாரும் அவரை 'அட்மின்' என்றே கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளிலிருந்து யார் வீட்டு நாய் யார் வீட்டுச் செருப்பைக் கடித்தது என்பது வரை அட்மின் அறிவிக்காமல் அங்கே எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை.

"அண்ணி, முதல்ல அந்த 'இப்படிக்கு'வை விடுங்க," என்று அட்மின் முதல் பாடத்தைத் தொடங்கினார்.

"பேர் போடாம எப்படி முடிக்கறது?"

"மேலேயே உங்க பேரு கொட்டை எழுத்துல இருக்கே அண்ணி!"

விடுமுறை முழுவதும் அட்மினிடம் பாடம் நடந்தது. எப்படிப் படம் எடுப்பது, எதை எப்போது போட்டால் பார்ப்பார்கள், முதல் மூன்று நொடியில் ஆளைப் பிடிப்பது எப்படி என்று எல்லாவற்றையும் அட்மின் வாரி வழங்கினார். கூடவே, எதைச் செய்யக் கூடாது என்பதும் பக்கத்திலிருந்து பார்த்ததில் நன்றாக விளங்கியது. அட்மின் ஒரு செய்தியைப் பார்த்தால் கண் இமைப்பதற்குள் ஐந்து குழுக்களுக்கு அனுப்பிவிடுவார். "இது உண்மையா?" என்று கேட்டால், "உண்மையா இருந்துட்டா என்ன பண்றது அண்ணி?" என்பார்.

பாடம் தொடங்கியது. மதிய உணவுக்குப் பிந்தைய நேரம், மூன்றாம் மாடிக் கோடி அறை, ஓரத்தில் ஒரு ஜன்னல் மூடாது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இதில் தேர்வு இருக்காது என்ற வதந்தியை நம்பி வந்தவர்கள். முன் பெஞ்சில் உட்கார்ந்த பெண் முதல் நாளே கையைத் தூக்கினாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க எங்களுக்குக் கத்துக்குடுக்கப் போறீங்களா, இல்ல நாங்க உங்களுக்கா?"

"ரெண்டும்தான்மா. ஆனா மார்க் மட்டும் நான்தான் போடுவேன்."

வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் பாதிப் பயம் போய்விட்டது, அவருக்கும் அவர்களுக்கும்.

ஆசிரியர் அறையில்தான் கிண்டல் அதிகம். பொருளாதாரப் பேராசிரியர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே ஆரம்பிப்பார். "பசங்க போனைக் கையில வச்சுக்கிட்டேதான் பொறக்குறாங்க. அவங்களுக்குப் போய் இதைப் பல்கலைக்கழகத்துல சொல்லித்தரணுமா? நாளைக்கு மூச்சு விடறதுக்கும் ஒரு பாடம் வைப்பீங்க."

"பேச்சுகூடத்தான் சார் ரெண்டு வயசுல தானா வந்துடுது. அப்புறம் எதுக்கு மொழிப்பாடம் வச்சிருக்கோம்?"

பேராசிரியர் தேநீரைக் குடித்தார்.

நான்காவது வாரம் அவர் ஒரு பயிற்சி கொடுத்தார். நீங்கள் தினமும் பார்க்கிற ஏதாவது ஒன்றை, இதுவரை யாரும் நின்று பார்க்காத ஒன்றை, ஒரு நிமிடத்துக்குள் படமாக்கி வாருங்கள். முன் பெஞ்சுப் பெண் விடுதியின் சலவை அறையை எடுத்தாள். ஜோடி இழந்த காலுறைகள் மட்டும் ஒரு கொடி நிறையத் தொங்கின. ஒருவன் நூலகத்தில் தூங்குகிறவர்களின் குறட்டையை மட்டும் பதிவுசெய்து வந்தான். இப்படிக்கு மேடம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

கடைசி பெஞ்சில் ஒரு மாணவன் இருந்தான். கழுத்தில் எந்நேரமும் கேமரா தொங்கும் என்பதால் பெயரே 'கேமரா'. அதிகம் பேசமாட்டான். நல்ல கண் அவனுக்கு. அவன் தன் பயிற்சியை வகுப்பில் காட்டும்வரை காத்திருக்கவில்லை. முந்தின மாலையே தன் சொந்தக் கணக்கில் ஊருக்கே போட்டுவிட்டான்.

மறுநாள் காலை இப்படிக்கு மேடம் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அட்மின் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "அண்ணி, பாத்தீங்களா உங்க யுனிவர்சிட்டி லட்சணத்தை!"

திரையில் பல்கலைக்கழகப் பேருந்தின் ஓட்டுநர் தெரிந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை மூடியிருந்தார். அப்படியே சில நொடிகள். பின்னணியில் நெஞ்சைப் பிசையும் இசை. கீழே எழுத்து: 'நம்ம உயிர் யார் கையில?'

"எங்கேருந்து வந்துச்சு இது?" என்றார் மேடம், வாய் நிறைய நுரையோடு.

"எங்கேருந்தா? எல்லா இடத்துலயும் இருக்கு. நானே அஞ்சு குரூப்புக்கு அனுப்பியிருக்கேன். பிள்ளைகளைப் பெத்தவங்களுக்குத் தெரிய வேணாமா?"

அவர் பல்கலைக்கழகம் போய்ச் சேர்வதற்குள் விஷயம் முற்றிவிட்டது. பெற்றோர்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் துளைத்துக்கொண்டிருந்தார்கள். சமூக ஊடகத்தில் பக்கம் நடத்துகிற யாரோ ஒருவர் அதே படத்தை எடுத்து, 'குடித்துவிட்டுத் தூங்கும் டிரைவர்' என்று தலைப்பு வைத்து மறுபடி போட்டிருந்தார். விசாரணை முடியும்வரை ஓட்டுநர் வண்டி எடுக்கக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவரை வீட்டுக்கு அனுப்பியும்விட்டார்கள்.

மதியம் வகுப்பில் கேமரா எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், டெலிட் பண்ணிட்டேன். காலையிலயே பண்ணிட்டேன்."

"நல்லதுப்பா. உன் வீட்டுக் குழாயை மூடிட்டே. தண்ணி தெருவெல்லாம் ஓடிட்டிருக்கே, அதை யார் அள்றது?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நீ வெட்டாம எடுத்த முழுப் படம் இருக்கா? போடு, பாப்போம்."

சுவரில் முழுப் படம் ஓடியது. ரயில்வே கேட் மூடியிருக்கிறது. பேருந்து நிற்கிறது, இன்ஜின் சத்தம்கூட இல்லை. ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்து, கண்ணுக்கு ஒவ்வொரு சொட்டு மருந்து விட்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஜன்னலில் ரயில் கடகடவென்று போகிறது. கேட் திறக்கிறது. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு வண்டியைக் கிளப்புகிறார். அவ்வளவுதான்.

வகுப்பில் யாரோ, "அடப்பாவி," என்றார்கள்.

"எனக்கு அந்த முகம் நல்லா இருந்துச்சு மேடம்," என்றான் கேமரா. "ஷாட் நல்லா இருந்துச்சு. தலைப்பு சும்மா ஒரு பஞ்ச்சுக்காக வச்சேன்."

அன்று மாலை துறைத் தலைவர் கூப்பிட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கூச்சல் என்றால் அவருக்கு ஆகாது. "மேடம், இந்தப் பாடத்தை இதோட நிறுத்திடலாம். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்கு."

"சார், பாடத்தை நிறுத்துனா பசங்க போனைக் கீழ வச்சுடுவாங்களா? அது ஓடிட்டேதான் இருக்கும். யாரும் சொல்லித்தராம ஓடும், அவ்வளவுதான் வித்தியாசம்." பிறகு சற்று நிறுத்தி, "என் பக்கமும் தப்பிருக்கு சார். நீச்சலைச் சொல்லித்தராம, குளத்துல குதிங்கன்னு சொல்லிட்டேன். எப்படி எடுக்கறதுன்னு சொன்னேன். யாரை எடுக்கறோம்னு சொல்லலை. அந்த டிரைவரைத் திரும்ப வண்டியில உக்கார வைக்கறோம். அதுவரைக்கும் டைம் குடுங்க."

துறைத் தலைவர் நெற்றியைத் தடவினார். "விசாரணைக் குழு கூடறவரைக்கும். அதுக்குமேல என் கையில இல்லை."

மறுநாள் வகுப்பு அறையில் நடக்கவில்லை. இப்படிக்கு மேடம் கேமராவையும் முன் பெஞ்சுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஓட்டுநரின் வீட்டுக்குப் போனார். இரண்டு அறை கொண்ட வீடு. ஓட்டுநர் பனியனோடு நாற்காலியின் மேல் ஏறி, மின்விசிறியின் இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாத மனிதனைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி கொடுத்த வேலை அது என்று பிறகு தெரிந்தது.

ஓட்டுநர் பெரிய உருவம், சின்னக் குரல். கேமரா தரையைப் பார்த்தபடி, "நான்தாண்ணே எடுத்தது. மன்னிச்சுக்குங்க," என்றான். ஓட்டுநர் இறங்கி வந்து, துணியை மடித்து வைத்துவிட்டு, உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் கேமராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை.

"நேத்து சாமான் வாங்கப் போனேன் தம்பி. கடைக்காரரு சிரிச்சுக்கிட்டே, 'என்ன, நல்ல தூக்கமா'ன்னாரு. தினமும் பாக்கற ஆளு. சாமான் வாங்காமலே திரும்பி வந்துட்டேன்." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஒண்ணு மட்டும் சொல்லு. அந்தக் கேட்டை ஏன் வெட்டுன?"

கேமரா மறைக்கவில்லை. "கேட்டு மூடியிருக்கறது தெரிஞ்சா வீடியோ ஓடாதுண்ணே."

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தார். "கேட்டு மூடியிருந்தா பஸ்ஸும்தான் ஓடாது!"

ஓட்டுநரின் தோள்கள்தான் முதலில் குலுங்கின. முன் பெஞ்சுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் கேமராவும் சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான். மனைவி ஈரக் கையோடு வந்து அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "அழாதடா. அழறதுக்கு முன்னாடி சரிபண்ற வழியைப் பாரு."

வழியைப் பார்த்தார்கள். வகுப்பே பட்டறை ஆனது. முதலில் கேமரா தன் முகத்தைக் காட்டி, இசை எதுவும் இல்லாமல் முழுப் படத்தையும் போட்டான். இதை வெட்டியது நான், தப்பு என்னுடையது என்று சொன்னான். பார்த்தவர்கள் சொற்பம். திருத்தம் என்றால் யாருக்குச் சுவை? பழைய படத்துக்குக் குவிந்த கூட்டத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இதற்கு வந்தார்கள். கேமரா மனமுடைந்துபோனான்.

இன்னொரு பக்கம், பொய்ப் படத்தை எடுத்துப் போட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்து, நீக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். 'உடனே டெலிட் பண்ணு, இல்லன்னா கேஸ் போடுவோம்' என்று ஒருவன் எழுதினான். எதிராளி அவனை பிளாக் செய்துவிட்டார். 'மனுஷனா நீ' என்று இன்னொருத்தி எழுதினாள். அதையும் படம் பிடித்து அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் புதிதாக ஒரு பதிவு போட்டுக்கொண்டார்கள்.

"ஐயையோ, நிறுத்துங்க," என்றார் இப்படிக்கு மேடம். அவர் இருபது வருடமாகச் செய்துவந்த வேலை சட்டென்று கைக்கு வந்தது. பலகையை நோக்கித் திரும்பினார். "புகார்க் கடிதத்துக்கு ஒரு முறை இருக்கு. நீ யாருன்னு சொல்லு. நடந்ததை உள்ளபடி சொல்லு, திட்டாதே. அவர் என்ன செய்யணும்னு ஒரே ஒரு வேலை சொல்லு. அதை அவர் கௌரவம் குறையாம செய்யறதுக்கு ஒரு கதவைத் திறந்து வை. இது எந்த ஊர்லயும் வேலை செய்யும், காகிதமா இருந்தாலும் போனா இருந்தாலும்."

அப்படி எழுதினார்கள். 'வணக்கம். நாங்கள் இந்த ஓட்டுநரின் பேருந்தில் தினமும் போகும் மாணவர்கள். நீங்கள் பகிர்ந்த படம் எங்கள் வகுப்பில் ஒருவர் வெட்டியது. உங்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. முழுப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறோம். பார்த்துவிட்டு, பழையதை எடுத்துவிட்டு இதைப் போட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.' முடிவில் எல்லாரும் பெயர் போட்டார்கள். முதல் பதில் அரை மணி நேரத்தில் வந்தது. 'சாரி, தெரியாம போட்டுட்டேன், எடுத்துட்டேன்.' அதைப் படித்தபோது வகுப்பில் எழுந்த கூச்சல் கீழ்மாடிவரை கேட்டது. எல்லாரும் எடுக்கவில்லை. 'குடித்துவிட்டு' என்று போட்டவர் பதிலே தரவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

வீட்டில் அட்மினோடு நடந்த போர்தான் பெரிது. முழுப் படத்தைப் பார்த்தவுடன் அட்மின் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சு குரூப்லயும் நீயே போய்ச் சொல்லணும்," என்றார் மேடம்.

"நான் தப்புன்னு எழுதணுமா? அண்ணி, என் மரியாதை என்ன ஆகறது? அந்த ரெண்டாவது மாடி ஆளு இதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்காரு!"

"அந்த டிரைவர் மரியாதை?"

அட்மின் எழுதி எழுதி அழித்தார். 'சிலரால் தவறாகப் பகிரப்பட்ட' என்று ஆரம்பித்தார். "யாரு அந்தச் சிலர்?" என்று அண்ணன் லென்ஸ் துடைத்தபடி கேட்டார். அழித்தார். கடைசியில், 'நான் விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது. முழுப் படம் கீழே' என்று எழுதி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அனுப்பினார். இரண்டாவது மாடிக்காரர் ஒரு கைகூப்பும் படத்தை மட்டும் பதிலாகப் போட்டார். அதற்குப் பிறகு அட்மினுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் அனுப்பியவர்கள் யாருக்கெல்லாம் அனுப்பினார்கள் என்று ஆள் ஆளாகக் கூப்பிட்டு, "எடுத்தீங்களா இல்லையா?" என்று கேட்டு, எடுத்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே விட்டார். பொய்யைப் பரப்பிய அதே கைதான், அதைவிடச் சுறுசுறுப்பாக உண்மையைப் பரப்பியது.

இருந்தும் ஊர் வாய் முழுசாக அடங்கவில்லை. அப்போது முன் பெஞ்சுப் பெண்தான் கேட்டாள், "மேடம், அந்த டிரைவர் வீட்டு அக்கா சொன்னதையே போட்டா என்ன?"

கேமரா மறுபடி அந்த வீட்டுக்குப் போனான். இந்த முறை முதலில் கேட்டான். எதை எடுப்பேன், எங்கே போடுவேன், பிடிக்காவிட்டால் போடவே மாட்டேன் என்று சொன்னான். ஓட்டுநர் யோசித்து, "பாட்டுப் போடக்கூடாது," என்றார். மனைவி, "தலை வாரிட்டு வர்றேன் இரு," என்றார். வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் கேமரா கேட்டான், "அக்கா, நான் ஏன் கேட்டை வெட்டுனேன்னு தெரியுமா?" அவர் நேராக லென்ஸைப் பார்த்து, "கேட்டு மூடியிருந்தா வீடியோ ஓடாதாம். அட அறிவே, பஸ்ஸும்தான் ஓடாது!" என்றார். பின்னால் ஓட்டுநர் அடக்கமாட்டாமல் சிரிக்கிற சத்தம். பிறகு முழுப் படம். எடிட் செய்ததை இருவருக்கும் போட்டுக் காட்டி, இருவரும் தலையசைத்த பிறகுதான் வெளியிட்டான்.

அது ஓடியது. யாரும் கேட்காமலே ஓடியது. மக்கள் அந்த வரியை எடுத்துக்கொண்டார்கள். பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு யாராவது குதித்தால், கீழே ஒருவர் "கேட்டு மூடியிருக்கா பாருங்க" என்று எழுதினார். பெற்றோர்களே அலுவலகத்தைக் கூப்பிட்டு, அந்த ஓட்டுநர் எப்போது வருவார் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

விசாரணைக் குழு கூடியது. முழுப் படத்தைப் பார்த்தது. ரயில்வே கேட் காவலரும் வந்து, "வண்டி நின்னா இன்ஜினை அணைக்கற ஒரே டிரைவர் இவருதான்," என்றார். ஓட்டுநர் வண்டிக்குத் திரும்பினார். முதல் நாள் காலை மாணவர்கள் ஏறும்போதே கைதட்டினார்கள். அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "கை தட்டினது போதும், உள்ள நகருங்க, உள்ள நகருங்க. பின்னாடி ஆளு நிக்கிறாங்கல்ல," என்று கண்ணாடியைப் பார்த்து அதட்டினார். கேமரா முன்படியில் நின்றிருந்தான். ஓட்டுநர் அவனைப் பார்த்து, "நீ என் பக்கத்துல உக்காரு. கண் முன்னாடியே இரு," என்றார். அதுவே மன்னிப்பு.

பருவம் முடிந்ததும் பாடத்தை மூடும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மாறாக, செவிலியர் கல்லூரியிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது. எங்கள் மாணவிகளுக்கும் இது வேண்டும் என்று. பிறகு பொறியியல் கேட்டது. பொருளாதாரப் பேராசிரியர் நேராக வந்து ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் தேநீர் நேரத்தில் தன் கைபேசியை நீட்டி, "மேடம், என் தம்பி இதை அனுப்பியிருக்கான். இது நிஜமா, இல்ல வெட்டுனதா? எப்படிப் பாக்கறது?" என்று கேட்டார். இப்படிக்கு மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிக்கொடுத்தார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதை வீட்டுக்கு வந்து கணவரிடம் மட்டும் மூன்று முறை சொல்லிச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு அவர் பாடத்தின் வரிசையை மாற்றினார். படம் எடுப்பது பிற்பாடு. படத்தில் இருக்கும் ஆளைப் பற்றிப் பேசுவது முதலில். கேமரா படிப்பு முடிந்து ஒரு மருத்துவமனையின் தகவல் பிரிவில் சேர்ந்தான். நேர்முகத் தேர்வில், நீங்கள் போட்டதிலேயே பெரிய வெற்றி எது என்று கேட்டார்களாம். அவன் முதலில் தோல்வியைச் சொல்லட்டுமா என்று கேட்டு, ஒளிக்காமல் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுத்தான் எடுத்தார்கள் என்று மேடத்துக்கு எழுதியிருந்தான்.

இப்போது அந்தக் கோடி அறை போதவில்லை. கீழ்த்தளத்துப் பெரிய கூடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அண்மையில் ஒரு வகுப்பில் செவிலியர் மாணவி ஒருத்தி எழுந்தாள். வார்டில் ஒரு குழந்தை குணமாகி வீட்டுக்குப் போகிறது, தாய் நம்மோடு ஆசையாகப் படம் எடுத்துக்கொள்கிறாள், அதை நாம் போடலாமா என்று கேட்டாள். தாய் சம்மதித்தால் போடலாம் என்றான் ஒருவன். சம்மதிக்கிற நேரத்தில் அவள் மனநிலை என்ன, வேண்டாம் என்று சொல்லத் துணிவாளா என்றாள் ஒருத்தி. குழந்தை வளர்ந்த பிறகு அதைக் கேட்க வேண்டாமா என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மணி அடித்தது. எழுந்து பைகளை மாட்டிக்கொண்டும் விடவில்லை; வாசலை அடைத்துக்கொண்டு நின்று வாதாடினார்கள். அடுத்த வகுப்புக்கு வந்த கணித ஆசிரியர் உள்ளே நுழைய வழியில்லாமல் தவித்தார்.

"மேடம், உங்க பசங்க சண்டையை வெளில வச்சுக்கச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன் சார், கேக்க மாட்டேங்கறாங்க," என்றார் இப்படிக்கு மேடம், பலகையை அழித்தபடி. பிறகு அவரும் வெளியே போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்.